சத்தத்தைச் சத்தமே விழுங்கும் இடம்

கல்யாண மண்டபம். ரிசப்ஷன். மேடையின் இரண்டு பக்கமும் ஒரு பேஸ் பெட்டி, அதன் தலையில் ஒரு டாப் பெட்டி. மெல்லிசைக் குழு முதல் பாட்டை எடுத்துவிட்டது. மிக்ஸர் மேசைக்கு எனக்கு ஒதுக்கிய இடம் இடது ஓரம், தூணை ஒட்டி. டிரம்ஸின் உதை அங்கே நெஞ்சில் வந்து முட்டியது. செட் நன்றாக அமைந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். நடு வரிசையிலிருந்து பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"தம்பி, பாட்டு தகர டப்பாக்குள்ள பாடுற மாதிரி இருக்கே. கொஞ்சம் கனமா வையேன்."

பேஸ் குமிழைத் திருகினேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் மறுபடி வந்தார். "சத்தம் கூடிச்சு தம்பி. கனம் வரலை."

கூட வந்திருந்த பையன்தான் கவனித்துச் சொன்னான்: "அண்ணே, நடுவுல வந்து நின்னு பாருங்க." போனேன். ஓரத்திலிருந்து நடுப்பாதையை நோக்கி நடக்க நடக்க, டிரம்ஸின் அடி நாற்காலிக்கு நாற்காலி மெலிந்துகொண்டே வந்தது. மணமக்களுக்கு நேர் எதிரே, சரியாக நடுவில், அது இல்லவே இல்லை. பாடகரின் குரல் மட்டும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாமல், தலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மிதந்தது. வலப்பக்கம் நாலைந்து நாற்காலி தள்ளிப் போனால் கனம் திரும்பி வந்தது.

அந்த வாரம்தான் வலப்பக்கப் பெட்டியின் வயரைப் புதிதாகப் பற்றவைத்திருந்தேன். சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு போயிருந்தது. கோளாறு அவ்வளவுதான். இரண்டு பாட்டுக்கு நடுவே ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அந்த இரண்டு முனைகளையும் இடம் மாற்றினேன். பேஸ் குமிழைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். அடுத்த பாட்டில் பெரியவர் கை தொடையில் தாளம் போட்டது. ஆனால் அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அந்த மண்டபத்திலேயே முக்கியமான இடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தங்கள் அவ்வளவு நேரமும் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செட் போடும் ஒவ்வொரு தம்பியும் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றும் ஒன்றும் சேர்ந்து சுழியம்

பெட்டியில் இருக்கும் கோன் முன்னால் வரும்போது எதிரே உள்ள காற்றை நெருக்குகிறது. உள்ளே போகும்போது தளர்த்துகிறது. 100 ஹெர்ட்ஸ் என்றால் இந்த நெருக்கலும் தளர்த்தலும் நொடிக்கு 100 முறை. அது காற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவிப் போய் உங்கள் செவிப்பறையைத் தள்ளுகிறது, இழுக்கிறது.

இரண்டு பெட்டி ஒரே பாட்டைப் பாடினால், கேட்பவர் காதுக்கு இரண்டு தள்ளல் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் தள்ளினால் அழுத்தம் இரட்டிக்கும். ஒன்று தள்ளும் கணத்தில் மற்றது இழுத்தால்? ஊஞ்சலை ஒருவர் முன்னே தள்ளும்போதே இன்னொருவர் பின்னே இழுத்தால் பலகை நின்ற இடத்தில் நிற்கும். செவிப்பறைக்கும் அதே நிலைதான். இதைப் பள்ளிக்கூடப் புத்தகம் அழிவுக் குறுக்கீட்டு விளைவு என்கிறது. நம் தொழிலில் "ஃபேஸ் மாறிப்போச்சு" என்கிறோம். ஒளிக்கும் இந்தக் குணம் உண்டு என்று 1801இல் லண்டனில் எடுத்துச் சொன்ன தாமஸ் யங் ஒரு மருத்துவர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில் ஒலியைத்தான் முதலில் ஆராய்ந்தார். ஒளியின் ரகசியத்துக்கு அவரைக் கூட்டிப் போனது நம்முடைய சத்தம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அழிவு என்ற சொல்லை வைத்து, சத்தம் எங்கோ மறைந்தே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிகளிலிருந்து வெளிவந்த ஒலிச் சக்தி மண்டபத்தில்தான் இருக்கிறது. ஓர் இடத்தில் பள்ளம் விழுந்தால் இன்னோர் இடத்தில் மேடு எழுந்திருக்கும். நடுவில் கனம் இல்லை என்று பெரியவர் குறைப்பட்ட அதே நேரத்தில் ஓரத்தில் இருந்தவர் காதைப் பொத்தியது இதனால்தான்.

குமிழைத் திருகிப் பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. பத்திலிருந்து பத்தைக் கழித்தால் சுழியம். குமிழை ஏற்றினால் இரண்டு பெட்டியும் சேர்ந்தே ஏறும். இருபதிலிருந்து இருபதைக் கழித்தாலும் சுழியம்தான். ஈக்வலைசரும் இதற்கு உதவாது. அது இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். மேட்டில் இருப்பவர் காது மட்டும் வலிக்கும். கனம் காணோம் என்று யாராவது வந்து சொன்னால், கை குமிழுக்குப் போகும் முன் கால் அந்த நாற்காலிக்குப் போக வேண்டும்.

அடிக்கணக்கு

வயர் எல்லாம் சரியாக இருந்தாலும் பள்ளம் விழும். இது தூரத்தால் வருவது.

நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியை ஒட்டி, சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. பந்தல்காரரும் நாமும் அடியில் பேசுகிறவர்கள். அதனால் 1150 அடி என்று வைத்துக்கொள்வோம். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1150ஐ ஹெர்ட்ஸால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் அடியில் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு 23 அடி, 100 ஹெர்ட்ஸுக்கு பதினொன்றரை அடி, 1000 ஹெர்ட்ஸுக்கு 14 அங்குலம். 5000 ஹெர்ட்ஸில் மூன்று அங்குலம்கூட இல்லை.

ஒரு நாற்காலிக்கு இடது பெட்டி இருக்கும் தூரத்துக்கும் வலது பெட்டி இருக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த வித்தியாசம் அரை அலை நீளமாக இருந்தால், ஒன்று நெருக்கலோடு வந்து சேரும் கணத்தில் மற்றது தளர்த்தலோடு வந்து சேரும். பள்ளம். ஒன்றரை அலை, இரண்டரை அலை என்றாலும் பள்ளம்தான். வித்தியாசம் முழு அலையாக இருந்தால் மேடு.

கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் 3-4-5 கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேராக இருக்கிறது என்று அர்த்தம். அதையே பத்து மடங்காக்குங்கள். திறந்த மைதானத்தில் மேடையின் இரண்டு பக்கமும் 30 அடி இடைவெளியில் இரண்டு பேஸ் பெட்டி இருக்கிறது. ஒருவர் இடது பெட்டிக்கு நேர் எதிரே, 40 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இடது பெட்டி அவருக்கு 40 அடி. வலது பெட்டி குறுக்கே 50 அடி. வித்தியாசம் 10 அடி. 10 அடி அரை அலையாக இருக்க வேண்டுமானால் முழு அலை 20 அடி. 1150ஐ 20ஆல் வகுத்தால் 57.5 ஹெர்ட்ஸ்.

டிரம்ஸின் உதைக் கனம் உட்கார்ந்திருக்கும் இடமே அதுதான். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்த அந்த மனிதருக்கு இந்த இரண்டும் அடிபட்டுப் போகிறது. முழுக்கவும் போகாது. தூரம் கூடக் கூட அழுத்தம் குறையும் என்பதால், 50 அடியிலிருந்து வருவது 40 அடியிலிருந்து வருவதில் ஐந்தில் நாலு பங்குதான். கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மண்டபத்துக்குள் என்றால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவது பள்ளத்தைக் கொஞ்சம் தூர்க்கும். மைதானத்தில் தூர்க்க ஒன்றுமில்லை.

பெட்டிக்கு நேர் எதிரே இருப்பவருக்குத்தான் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். டேப் வைத்து அளந்து, அங்கே போய் நின்று கேட்ட பிறகுதான் எனக்கு அந்த நம்பிக்கை போனது.

அதே நாற்காலியில் 57.5க்கு விழும் பள்ளம் அதன் மூன்று மடங்கான 172.5க்கும், ஐந்து மடங்கான 287.5க்கும் விழும். நடுவே 115, 230 என்று மேடுகள். தாளில் வரைந்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும். மேலே போகப் போக, காதின் கணக்கில் பல் நெருங்கிக்கொண்டே போகும். அவ்வளவு நெருக்கமான பற்களைக் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அதனால்தான் அகலமாக வைத்த இரண்டு பெட்டியில் பேஸ் மட்டும் குறைப்படும், டாப் தப்பித்துக்கொள்ளும்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி ஒன்றே. பேஸ் பெட்டிகளை அகட்டி வைக்காதீர்கள். இரண்டையும் ஒட்டி, மேடைக்கு முன்னால் நடுவில் தரையில் வையுங்கள். பக்கத்தில் பக்கமாக இருந்தால் எந்த நாற்காலிக்கும் தூர வித்தியாசம் நாலைந்து அடியைத் தாண்டாது. பேஸ் பெட்டி பாடும் எல்லைக்குள் அரை அலை வித்தியாசம் வரவே வராது. 100 ஹெர்ட்ஸுக்கே அரை அலை ஆறு அடிக்குப் பக்கம். இன்னொரு லாபமும் உண்டு. ஒட்டி வைத்த இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுத்து, தனிப்பெட்டியைவிட 6 டெசிபல் கூடுதலாகத் தரும். நடுவில் மணமக்கள் ஏறும் படி இருக்கிறது, அங்கே வைக்க விடமாட்டார்கள் என்றால், இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுக்குங்கள். அழகு ஒருபக்கமாக இருக்கிறதே என்று டெக்கரேஷன்காரர் முகம் சுளிப்பார். பேஸுக்குத் திசை காதுக்குப் பெரிதாகத் தெரியாது. மேடையின் இரண்டு பக்கமும் டாப் இருந்தால் போதும், கேட்பவர்களுக்கு எல்லாம் அங்கிருந்தே வருவதுபோலத் தோன்றும்.

டாப் பெட்டிக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். ஒரே பக்கத்தில் இரண்டு டாப்பை ஒட்டி, இரண்டும் ஒரே கூட்டத்தைப் பார்க்கும்படி வைக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு நாற்காலிக்கு அந்த டாப் பெட்டிகளின் இரண்டு ஹார்னின் தூர வித்தியாசம் அரை அடி என்றால் முதல் பள்ளம் 1150 ஹெர்ட்ஸில் விழும், அடுத்தது 3450இல். பேச்சில் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் பகுதி அது. சத்தம் போதுமான அளவு இருந்தும் "என்ன சொல்றாங்கன்னே புரியலை" என்று கேட்பவர் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். இரண்டு டாப் வேண்டுமானால் ஒன்றின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுங்கள்.

மொட்டை மாடியில் ஒரு மாலை

படித்தால் மட்டும் இது மனதில் உட்காராது. சின்னப் பெட்டி இரண்டை மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக்குள் வேண்டாம், சுவர்கள் குழப்பிவிடும். இரண்டையும் ஒரு மீட்டர் இடைவெளியில், ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். போனில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி தரும் செயலி ஒன்றைப் போட்டு, இரண்டுக்கும் ஒரே ஒலியைக் கொடுங்கள். பெட்டிகளிலிருந்து 5 மீட்டர் தள்ளி, பெட்டி உயரத்துக்குக் குனிந்து, ஒரு காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு காதும் இரண்டு இடத்தில் இருப்பதால், ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருந்து ஏமாற்றிவிடும்.

நடுவிலிருந்து மெல்ல வலப்பக்கம் நகருங்கள். இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய 89 சென்டிமீட்டரில், ஒலி உள்வாங்கிப் போகும். இன்னும் ஏறக்குறைய அதே அளவு போனால் திரும்பி எழும். பள்ளம் கிடைத்த இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, கூட இருப்பவரை ஒரு பெட்டியின் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பெட்டி நின்றதும் சத்தம் கூடும். அந்தக் கணத்தை நான் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஒரு பெட்டியை நிறுத்தினால் சத்தம் கூடுகிறது என்பதைக் காது கேட்ட பிறகு யாருக்கும் இந்தப் பாடம் மறப்பதில்லை.

இசைக்கவை கையில் இருந்தால் இன்னும் எளிது. தட்டிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, காம்பை விரலால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் நாலு முறை ஒலி அடங்கி அடங்கி எழும். கவையின் இரண்டு புயங்களும் எதிரெதிராக அசைந்து, நாலு மூலையில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

சிவப்பும் கறுப்பும்

தூரத்தால் வரும் பள்ளம் அங்கங்கே விழும். வயர் மாறியதால் வரும் பள்ளம் நட்டநடுவில் விழும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் பாதி நோயை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். நடுவில் நின்று கேட்கும்போது பேஸ் இல்லாமல், குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மிதந்தால், ஒரு பெட்டி தலைகீழாக ஓடுகிறது.

வெறும் பெட்டி என்றால் சோதிக்க ஒன்றரை வோல்ட் டார்ச் செல் போதும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். செல்லின் கூட்டல் முனை சிவப்பில், கழித்தல் முனை கறுப்பில், ஒரு கணம் தொட்டு எடுங்கள். பெரிய கோன் வெளிப்பக்கம் வந்தால் சரி. உள்ளே போனால் பெட்டிக்குள் யாரோ மாற்றி இணைத்திருக்கிறார்கள். பழுது பார்த்துத் திரும்பி வந்த பெட்டியை இந்தச் சோதனை இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். ஹார்னின் டிரைவரில் மட்டும் நேரடியாகச் செல்லை வைக்க வேண்டாம். அதன் அசைவு கண்ணுக்கும் தெரியாது, உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நல்லதில்லை.

உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த பெட்டிக்குச் செல் சோதனை செய்யவே கூடாது. அங்கே தவறு கேபிளில் இருக்கும். எக்ஸ்எல்ஆர் முனையில் மூன்று ஊசி: 1 உறை, 2 கூட்டல், 3 கழித்தல். ஒரு முனையில் மட்டும் 2ம் 3ம் இடம் மாறிப் பற்றவைத்தால், பெட்டி தலைகீழாகப் பாடும். பாட்டு வருவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. மல்டிமீட்டரை வைத்து ஊசிக்கு ஊசி பார்த்துவிடுங்கள்.

மீட்டர் கையில் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி உண்டு. இரண்டு பெட்டியையும் ஒரு கை தூரத்தில் முகத்துக்கு முகம் பார்க்க வைத்து, கனமான பேஸ் உள்ள பாட்டைச் சின்னச் சத்தத்தில் போடுங்கள். பிறகு அணைத்து, ஒன்றின் வயரை மாற்றி மறுபடி போடுங்கள். எந்த முறையில் பேஸ் கனமாக வந்ததோ அதுதான் சரி. நாலு பெட்டி இருந்தால் ஒன்றைத் தாய்ப்பெட்டியாக வைத்து, மற்ற மூன்றையும் அதன் முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். சரியான வயரில் அன்றே வெள்ளை இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு இழையும் ஒரே நிறத்தில் இருக்கும் தட்டை வயரில், ஒன்றின் ஓரமாக மெல்லிய கோடு ஓடும், அல்லது ஒன்றின் கம்பி செம்பு நிறத்திலும் மற்றது வெள்ளையாகவும் இருக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வேலை பார்த்த காலத்தில் வெறும் விரலால் தடவியே அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவர்களிடம்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன்.

பின்வரிசைப் பெட்டி

நீளமான பந்தலில் பாதி வழியில் இன்னும் இரண்டு பெட்டி வைப்போம். வயரில் கரண்டாக ஓடும் பாட்டு அங்கே உடனே போய்ச் சேர்ந்துவிடும். மேடைப் பெட்டியின் சத்தமோ காற்றில் நடந்து வர வேண்டும். 80 அடிக்கு 70 மில்லி நொடி ஆகும். அவ்வளவு தாமதமாக வரும் பேச்சை எதிரொலி என்றே காது எடுத்துக்கொள்ளும். பின்வரிசையில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழும்.

மிக்ஸரில் சத்தத்தைத் தாமதிக்கும் டிலே இருந்தால் இதைச் சரிசெய்யலாம். மேடைப் பெட்டிக்கும் பின்பெட்டிக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, 1150ஆல் வகுத்து, அந்த நேரத்தைப் பின்பெட்டிக்குக் கொடுங்கள். அதோடு இன்னும் 10 முதல் 15 மில்லி நொடி சேருங்கள். முதலில் வந்த சத்தம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே எல்லாம் வருகிறது என்று காது முடிவு செய்துகொள்ளும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1949இல் ஹெல்முட் ஹாஸ் இதை முறையாகச் சோதித்துக் காட்டினார். பின்வரிசையில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டியால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆனால் பேசுகிறவர் மேடையில் பேசுவதாகவே தோன்றும். டிலே இல்லாவிட்டால் பின்பெட்டியின் சத்தத்தைக் குறைவாக வைத்து, அதன் முகம் மேடைக்கு முதுகு காட்டிக் கடைசி வரிசையைப் பார்க்கும்படி திருப்புங்கள்.

திருவிழாத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எல்லாக் குழாயும் ஒரே திசை பார்க்கட்டும். ஒன்றுக்கொன்று எதிரே பார்க்கக் கட்டினால், நடுவில் இருக்கும் வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமிருந்தும் முன்னும் பின்னுமாகச் சொற்கள் விழுந்து, அறிவிப்பில் ஒரு வார்த்தையும் புரியாது.

இரண்டு மைக், ஒரு வாய்

பெட்டியில் நடப்பது மைக்கிலும் நடக்கும். பொதுக்கூட்டத்தில் பேச்சாளர் முன்னால் நாம் வைத்த மைக் இரண்டு இருந்து, இரண்டையும் திறந்து வைத்திருந்தால், அவர் தலையை இடமும் வலமும் திருப்பும்போது குரலின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தூர வித்தியாசம் மாற மாறச் சீப்பின் பற்களும் நகர்கின்றன. டிவிக்காரர்கள் வைக்கும் மைக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை நம் மிக்ஸருக்கு வருவதில்லை. நம்முடையதில் ஒன்றைத் திறந்து, மற்றதைப் பழுதுக்கு மாற்றாக மூடி வையுங்கள்.

பலர் உட்கார்ந்து பாடும் பஜனையில் எல்லா மைக்கும் திறந்திருக்கத்தான் வேண்டும். அங்கே மூன்று மடங்குக் கணக்கு உதவும். பாடகர் வாய்க்கும் அவர் மைக்குக்கும் ஓர் அடி என்றால், அடுத்தவரின் மைக் மூன்று அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். அப்போது பக்கத்து மைக்கில் விழும் குரல் மூன்றில் ஒரு பங்குதான். கழிந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், பள்ளம் ஆழமாக விழாது.

தவிலுக்கு வலந்தலையில் ஒன்று, தொப்பியில் ஒன்று என்று இரண்டு மைக் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொப்பியில் கோல் விழும்போது அந்தத் தோல் உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று எதிர்ப்பக்கத் தோலை வெளியே தள்ளும். ஒரு மைக் இழுப்பை வாங்கும்போது மற்றது தள்ளலை வாங்குகிறது. இரண்டையும் கூட்டினால் தவிலின் அடிவயிற்றுக் கனம் பாதியாகிவிடலாம். மிக்ஸரில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஃபேஸ் பொத்தான் இருக்கும். ஒரு மைக்குக்கு மட்டும் அதை அமுக்கியும் விட்டும் பாருங்கள். கனம் எதில் வருகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். மிருதங்கத்துக்கும் இதே வழிதான். எந்த நிலை சரி என்பது மைக் வைத்த தூரத்தைப் பொறுத்தது. அதனால் வித்வானை ஒரு நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளத்தை நாமே வெட்டுவது

சத்தம் வேண்டாத இடத்தில் இதே விளைவு நமக்கு நண்பன். 1936இலேயே பால் லூக் என்ற ஜெர்மானியர் சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அடக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். இன்று விமானத்தில் இரைச்சலை அடக்கும் ஹெட்போன் அந்த யோசனையில்தான் வேலை செய்கிறது. காது என்ற ஒரே இடத்தில் மட்டும் கழித்தால் போதும் என்பதால் அங்கே அது நடக்கிறது. ஜெனரேட்டர் சத்தத்தை இப்படித் தெரு முழுக்க அடக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. ஒரு வீட்டில் கழிந்தால் அடுத்த வீட்டில் கூடும்.

ஆனால் மேடைக்குப் பின்னால் பேஸைக் குறைக்க முடியும். கோயில் மேடைகளின் முதுகு பெரும்பாலும் வீடுகளை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே கைக்குழந்தை இருக்கும், நோயாளி இருப்பார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அந்த ஜன்னல்கள் நம் பொறுப்பு.

இரண்டு பேஸ் பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாக, 5 அடி இடைவெளியில் வையுங்கள். பின்பெட்டிக்கு 4.35 மில்லி நொடி டிலே கொடுத்து, அதன் ஃபேஸைத் தலைகீழாக்குங்கள். 5 அடியைக் கடக்கச் சத்தத்துக்கு ஆகும் நேரம் அது. முன்பெட்டியின் சத்தம் பின்னால் வந்து பின்பெட்டியைத் தொடும் அதே கணத்தில் பின்பெட்டி எதிராகத் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வீடுகள் பக்கம் போகும். முன்பக்கமோ, பின்பெட்டியின் சத்தம் டிலேயும் நடையும் சேர்ந்து 8.7 மில்லி நொடி பிந்தி வரும். 57.5 ஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலை. ஏற்கெனவே தலைகீழாக இருப்பது இன்னொரு முறை புரண்டு நேராகி, முன்பெட்டியோடு கூடிக்கொள்ளும். 3-4-5 கணக்கில் நம்மைக் கெடுத்த அதே எண் இங்கே கைகொடுக்கிறது. ஓர் எச்சரிக்கை: 115 ஹெர்ட்ஸில் முன்பக்கமே பள்ளம் விழும். பேஸையும் டாப்பையும் பிரிக்கும் கிராஸ்ஓவரை 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து, அதற்கு மேலே உள்ளதை டாப் பெட்டிகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அமைத்ததும் மேடைக்குப் பின்னால் போய் அந்த வீடுகளின் ஜன்னல் ஓரம் நின்று கேளுங்கள். பையனை மிக்ஸரில் நிறுத்தி, பின்பெட்டியை அணைக்கவும் போடவும் சொல்லுங்கள். அணைத்தால் பேஸ் கூடி, போட்டால் குறைய வேண்டும். தலைகீழாக நடந்தால் ஃபேஸ் பொத்தானை எங்கோ மறந்திருக்கிறோம் என்று பொருள்.

கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இந்த வேலையெல்லாம் முடியட்டும். முதலில் இடது பெட்டி மட்டும், பிறகு வலது மட்டும், பிறகு இரண்டும். மூன்றாவது முறை போடும்போது மிக்ஸரில் நிற்காதீர்கள். முதல் வரிசையில் தொடங்கி, நடுப்பாதை வழியாகக் கடைசி வரை போய், ஓரமாகத் திரும்பி வாருங்கள். பெரியவர்களுக்குத் தனியாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்தே கேளுங்கள். பையில் 100 அடி டேப், ஒரு டார்ச் செல், மல்டிமீட்டர், வெள்ளை இன்சுலேஷன் டேப் இவை நாலும் இருக்கிறதா என்று வண்டி கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.